திருகும் நபர்

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது அவன் ஒரு துணிக்கடை மீட்டர் கோலின் மேல் பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தான்.

"உங்க கைக்கு முறை வந்திருக்கு," என்றது ஒரு பெண் குரல்.

"எந்தக் கைக்கு?"

"அது உங்களுக்குத்தானே தெரியும். இங்க 'கை, ஒன்று'ன்னுதான் போட்டிருக்கு. வர்றீங்களா, இல்ல வரலைன்னு காரணம் எழுதி அனுப்பறீங்களா?"

காரணம் எழுதுவது பெரிய வேலையாகத் தோன்றியது. அதனால் வருகிறேன் என்று சொன்னான்.

ஆறு வயதில் அவனுக்கு இடது தோள் எலும்பில் சீழ் பிடித்தது. காய்ச்சல் விட்டது, கையும் பிழைத்தது, ஆனால் எலும்பு வளர்கிற முனை அதோடு வேலையை நிறுத்திவிட்டது. வலது கை மட்டும் வளர்ந்தது. முப்பத்தொரு வயதில் இடது கை எழுபத்தைந்து மில்லிமீட்டர் குட்டை. குறை முழுக்கத் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில். இதை அவனே அளந்திருக்கிறான். அளப்பதுதான் அவன் உத்தியோகம். கடைக்காரர்களின் மீட்டர் கோல், தையற்காரர்களின் நாடா, கொத்தனார்களின் டேப் எல்லாம் அவன் அலுவலகத்துக்கு வரும். சரியாக இருந்தால் முத்திரை குத்துவான். பொய் சொன்னால் உடைத்துப் போடுவான். அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் ஸ்கேல்.

கையைப் பற்றி அவன் மனைவிக்கு ஒரே கருத்துதான் இருந்தது: சட்டைதான் தப்பு. புதுச்சட்டை வாங்கினால் அன்றைக்கே இடது கையின் மணிக்கட்டுப் பட்டியைப் பிரித்து, நீளத்தைக் குறைத்து, மறுபடி தைத்துவிடுவாள். அளவு நாடாவைத் தொடமாட்டாள். அவன் அலுவலகக் கருவியைக் கொண்டுவந்து பார்த்திருக்கிறான். பதினோரு சட்டையிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கிடையாது. "முத்திரை குத்துவீங்களா?" என்று கேட்டாள். இடது மணிக்கட்டில் துணி கொஞ்சம் தடிமனாக இருக்கும். விறைப்புக்கு உள்ளே கேன்வாஸ் வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். கேட்டதில்லை.

அவள் இறந்து பதினோரு மாதம். காய்ச்சல் என்று படுத்தாள். ஆறாம் நாள் எழுந்திருக்கவில்லை. அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

கைக்கு மூன்று வருடம் முன்பே பதிந்து வைத்தது அவள்தான். ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் இருந்த அம்மாள், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தவர், கோப்பைப் பிரித்துப் படித்தபோதுதான் அவனுக்கு மீதி விவரம் தெரிந்தது.

"திருகும் நபர், மனைவி. பயிற்சி வகுப்பு, முடிந்தது. முதல் வகுப்புல தேறியிருக்காங்க. பக்கத்துல 'மிக நன்று'ன்னு எழுதியிருக்கு."

"என்ன பயிற்சி?"

"எலும்பை வெட்டிட்டு வெளியில ஒரு சட்டம் மாட்டுவாங்க. சட்டத்துல ஒரு திருகு. ஒரு நாளைக்கு நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் சுத்து. நாலு கால் சுத்துக்கு ஒரு மில்லி. வெட்டின இடைவெளியில புது எலும்பு வளரும். நோயாளி தானே திருகக் கூடாது. ஆசை பிடிச்சவன் அதிகமாத் திருகிடுவான், பயந்தவன் குறைச்சிடுவான். அதுக்குத்தான் ஒரு ஆள். மரக்கை வச்சு ஒரு நாள் பூரா கத்துக் குடுப்போம். வீட்டுல சொல்லலையா?"

சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க அவள் இங்கே உட்கார்ந்து ஒரு மரக்கையைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அவங்களை வரச் சொல்லுங்க. திருகற சாவியை அவங்க கையிலதான் குடுப்போம்."

"அவங்க இல்ல."

"எப்ப வருவாங்க?"

"இறந்துட்டாங்க."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "அடப்பாவமே," என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வருத்தமா இருக்கு தம்பி. ஆனா இங்க 'வராத காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. தற்காலிகம், நிரந்தரம். ரெண்டுல ஒண்ணுல டிக் போடணும்."

"போட்டா என்ன ஆகும்?"

"தற்காலிகம்னா அவங்க வர்ற வரைக்கும் மாற்று ஆள் ரெண்டு பேர் திருகலாம். நிரந்தரம்னா அவங்க பேரை அடிச்சிட்டு வேற பேர் எழுதுவோம்."

"அடிக்கறதுன்னா?"

"சிவப்பு மையில ஒரு கோடு."

அவன் அந்தப் பெயரைப் பார்த்தான். அவள் கையெழுத்திலேயே இருந்தது. தற்காலிகத்தில் டிக் போட்டான்.

அம்மாள் டிக்கைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "எத்தனை நாள்ல வருவாங்கன்னு போடணும்."

"அதிகபட்சம் எத்தனை போடலாம்?"

"திருக ஆரம்பிச்ச நாள்லேர்ந்து முப்பது."

"முப்பது போடுங்க."

"முப்பது நாள்ல வந்துடுவாங்களா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு, அம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்.

மாற்று ஆட்கள் இருவர். ஒருவர் மாமா, அவன் அக்காவின் கணவர். பேருந்துப் பணிமனையில் முப்பத்தைந்து வருடம் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் அத்தை, அவன் மனைவியின் அம்மா. மூன்று தெரு தள்ளித் தனியாக இருப்பவர். அவன் கல்யாணத்தன்று மாமா ஏற்பாடு செய்த வண்டி இருபது நிமிடம் தாமதமாக வந்ததிலிருந்து இவர்கள் இருவருக்கும் ஒத்துப்போகாது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மேற்கையில் நான்கு எஃகு ஊசிகள், மேலே இரண்டு, கீழே இரண்டு. அவற்றை வெளியில் பிடித்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பெட்டி அளவில் ஒரு சட்டம். அதன் ஓரத்தில் திருகு. டாக்டரம்மா எதையும் அரைச் சிரிப்போடு சொல்கிறவர். "வலி இருக்கும். ஆனா இது வளர்ற வலி, கோவிச்சுக்கக் கூடாது," என்றார்.

எட்டாம் நாள் திருகல் தொடங்கியது. காலை ஏழு, மாலை ஏழு, இரண்டும் வீட்டில் அத்தை. பகல் பதினொன்று, மூன்று, அலுவலகத்துக்கே வந்து மாமா.

மாமா தமக்குக் கிடைத்த சாவியை விசில் மாதிரி கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். அத்தை திருகும் நேரத்தையும் சேர்த்து எழுத ஒரு நோட்டுப் போட்டார். பத்து ஐம்பத்தெட்டுக்கு அலுவலக வாசலில் நிற்பார். பதினொன்றுக்குத் திருகுவார். "பதினொண்ணு பூஜ்யம் பூஜ்யம், புறப்பட்டாச்சு," என்று சொல்லிவிட்டு நோட்டில் எழுதுவார்.

"எது புறப்பட்டுச்சு மாமா?"

"கைதான்டா. பின்ன நானா?"

அத்தை அப்படியில்லை. ஆறே முக்காலுக்கு வந்து எதிரில் உட்காருவார். இந்தப் பதினோரு மாதத்தில் இருவருக்கும் பேச எதுவும் கிடைத்ததில்லை. அவர் கதவைத் தட்டுவார், "நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை?" என்பார், அவன் தலையாட்டுவான், அவர் போய்விடுவார். திருகல் வந்த பிறகு ஒரு பிடி கிடைத்தது. "வலிக்குதா?" "இல்ல." "இந்தப் பக்கம்தானே?" "ஆமா அத்தை, அம்புக்குறி பக்கம்." "க்ளிக்குன்னு கேட்டுச்சா?" "கேட்டுச்சு." ஒரு நாளைக்கு இரண்டு வேளை இவ்வளவு பேசினார்கள். அவர்களுக்கு அது அதிகம்.

சட்டை மாட்டுவதற்கும் அத்தைதான் வழி பண்ணினார். இடது கையின் அடித்தையலை அக்குளிலிருந்து முழங்கை வரைக்கும் பிரித்து, நாடா வைத்து முடிச்சுப் போட்டார். கத்தரிக்கோல் வைக்கக் கூடாது என்று அவன் சொல்லிவிட்டான். வைக்கவில்லை. துணி சட்டத்தின் மேல் புடைத்துக்கொண்டு நின்றது. குழாய் திருடிப் போகிறவன் மாதிரி இருந்தான். அலுவலகக் காவலாளி ஒரு வாரம் தினமும் அவனை நிறுத்தித் தொட்டுப் பார்த்தார்.

காவலாளி பரவாயில்லை. கண்காணிப்பாளர்தான் சிக்கல். மூல அளவுகோல்கள் இருக்கும் உள்ளறைக்கு அவர்தான் பொறுப்பு. வருடம் முழுக்க இருபது டிகிரி. தும்மினால் எழுத்து மூலம் விளக்கம் கேட்பார்.

"ஸ்கேல், விதி பதினாலு என்ன சொல்லுது?"

"நீளம் மாறுற பொருள் உள்ள வரக் கூடாது சார்."

"உங்க கை?"

"மாறுது சார்."

"அப்ப கையை வெளிய வச்சிட்டு வாங்க."

சிரிப்பதா வேண்டாமா என்று அவன் அவர் முகத்தைப் பார்த்தான். வேண்டாம் என்று இருந்தது. கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். சோதனையில் இருக்கும் கருவிகளுக்கு ஒட்டும் சிவப்பு வில்லையைச் சட்டத்தின் மேல் ஒட்டினார். 'அளவு உறுதி செய்யப்படவில்லை'. ஒட்டிய கையோடு தினமும் காலை ஒன்பது மணிக்கு, கருங்கல் மேடையில் அவன் மேற்கையைக் கிடத்தி, தோள் எலும்பிலிருந்து முழங்கை முனை வரை அளந்து பதிந்தார். முதல் நாள் ஒரு மில்லிமீட்டர். இரண்டாம் நாள் இரண்டு. "உங்க டாக்டர் ஒழுங்கான ஆளு," என்றார். அவர் வாயிலிருந்து இன்னொரு மனிதரைப் பற்றி நல்ல வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

திருகத் தொடங்கிய பத்தாம் நாள் காலை, பேருந்தில் கம்பியைப் பிடிக்க இடது கையை நீட்டினான். சட்டைப் பட்டி மணிக்கட்டு எலும்பின் மேல் ஏறி நின்றது.

அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அதற்கடுத்ததும் போய்விட்டது. மில்லிமீட்டர் என்பது அவனுக்குத் தெரிந்த சமாச்சாரம். இன்றைக்குப் பத்து. நாளைக்குப் பதினொன்று. எழுபத்தைந்தாம் நாள் அந்தப் பதினோரு சட்டையும் அவனுடையவை அல்ல. பீரோவில் வேறு யாருக்கோ தைத்து வைத்த சட்டைகளாகத் தொங்கும். அவன் அளவு உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் கண்ணால் பார்த்தே தெரியும். அந்த அளவை அவன் தினமும் நாலு தடவை, நேரம் தவறாமல், குறிப்பெழுதி அழித்துக்கொண்டிருந்தான்.

அன்று மூன்று மணிக்கு மாமா திருகிவிட்டுப் போன பிறகு, அவன் தன் மேசை இழுப்பறையைத் திறந்தான். கருவிகளைப் பிரிக்கும் அறுகோணச் சாவிகள் வரிசையாக இருந்தன. ஐந்து மில்லிமீட்டர் சாவி கச்சிதமாகப் பொருந்தியது. அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கமாக நாலு கால் சுற்று. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். காலையில் அத்தை ஒன்று, பகலில் மாமா இரண்டு, மாலையில் அத்தை ஒன்று என்று முன்னால் போட்டார்கள். நாலு மணிக்கு அவன் நாலையும் பின்னால் போட்டான். விடுமுறை நாட்களில் சாவியை வீட்டுக்கு எடுத்துப் போனான். ஒன்பது வருட உத்தியோகத்தில் அலுவலகப் பொருளைப் பதியாமல் வெளியே கொண்டுபோனது அதுதான் முதல் தடவை.

கை அங்கேயே நின்றது. பட்டி மணிக்கட்டு எலும்பிலேயே நின்றது. உலகத்தில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

பதினெட்டாம் நாள் கண்காணிப்பாளர் கருவியிலிருந்து தலையைத் தூக்கினார். முகத்தில் சந்தோஷம் மாதிரி ஒன்று இருந்தது.

"ஸ்கேல், ஒரு வாரமாச்சு. அசையல."

அவன் சட்டைப் பட்டியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"விதிப்படி ஏழு நாள் மாறாம இருந்தா அது நிலையான பொருள்." சிவப்பு வில்லையை உரித்துப் போட்டார். பச்சை ஒன்றை எடுத்து, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு, ஓரங்களை நகத்தால் தேய்த்து ஒட்டினார். 'நிலையானது. ஏழு நாள் மாற்றமில்லை.' "வாழ்த்துகள். இனி உள்ள எங்க வேணா போகலாம்." கையைக் குலுக்கினார். இடது கையை.

கை வளர்க்கிறவனுக்கு அது வளராததற்காக ஏன் வாழ்த்து என்று அவர் யோசிக்கவில்லை. அவர் வேலை அதில்லை.

முப்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே. மாமாவும் அத்தையும் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மாமாவின் நோட்டைப் புரட்டினார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"முப்பது நாள். இன்னைக்குச் சாயந்திரத்தோட நூத்தி இருபது திருகு. ஒண்ணு விடாம எழுதியிருக்கீங்க. முப்பது மில்லி இருக்கணும். இங்க பத்துதான் இருக்கு. மீதி இருபது எங்க போச்சு?"

மாமா நாற்காலிக்குக் கீழே குனிந்து பார்த்தார். உண்மையாகவே பார்த்தார்.

டாக்டரம்மா சட்டத்தைத் திருகிச் சோதித்தார். அதில் பழுதில்லை. பச்சை வில்லையைப் படித்தார். "யார் இந்த ஜோசியர்?" என்றார். அரைச் சிரிப்பு போய்விட்டது.

"எலும்பு முட்டாள் இல்ல. பத்து மில்லிதான் போலன்னு முடிவு பண்ணி கெட்டிப்பட ஆரம்பிச்சிருக்கு. இன்னும் ஒரு வாரம் இப்படியே விட்டா ஒட்டிக்கும். அப்புறம் மறுபடி வெட்டணும். மறுபடி வரிசை, மூணு வருஷம். என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கல. நாளைக்குப் பதினொரு மணித் திருகுலேர்ந்து ஒழுங்கா விழணும். விழுந்துச்சா இல்லையான்னு படம் சொல்லிடும்." பிறகு கோப்பைப் பார்த்து, "உங்க மனைவி தற்காலிகமா வரலைன்னு போட்டிருக்கு. கெடு இன்னையோட முடியுது. மேசை மூடியாச்சு. நாளைக்கு வந்து சரி பண்ணிடுங்க," என்றார்.

நடைவழிக்கு வந்ததுமே தொடங்கிவிட்டது.

"அம்மா, நீங்க எந்தப் பக்கம் திருகறீங்க?" என்றார் மாமா.

"அம்புக்குறி பக்கம்தான்."

"தண்ணிக் குழாயை மூடற மாதிரியா, திறக்கற மாதிரியா?"

"ஏன், நான் குழாயையே பாத்ததில்லையா? என் பொண்ணு இதே ஆஸ்பத்திரியில முதல் வகுப்புல தேறினவ."

"தேறினது உங்க பொண்ணு. உங்களுக்கு யாரு மார்க் போட்டா?"

"முப்பத்தஞ்சு வருஷம் நேரம் எழுதினீங்களே, உங்க வண்டி என்னைக்காவது நேரத்துக்கு வந்துச்சா?"

"வண்டி லேட்டா வந்திருக்கும். நான் லேட்டா எழுதினது கிடையாது."

"அதைத்தான் நானும் சொல்றேன். எழுத்துல முப்பது, கையில பத்து!"

மாமா நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். சக்கர நாற்காலியில் போன ஒருவர் தள்ளுகிறவரை நிறுத்தச் சொல்லிக் கேட்டார். நடுவில் நின்ற அவன், தன் தப்புக்கு இரண்டு பெரியவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதை யாரோ தூரத்து உறவுக்காரன் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று மாலை ஏழு மணிக்கு அத்தை வந்தார். உட்கார்ந்தார். சாவியை எடுக்கவில்லை.

"அந்தப் பச்சைச் சீட்டுல என்ன எழுதியிருக்கு? கண்ணாடி கொண்டு வரல. படிங்க மாப்பிள்ளை."

கண்ணாடி அவர் மூக்கின் மேல் இருந்தது. அவன் படித்தான். "நிலையானது. ஏழு நாள் மாற்றமில்லை."

"தேதி?"

"பன்னெண்டு நாள் முன்னாடி."

"சரி. உங்க ஆபீசுக்குப் பன்னெண்டு நாளாத் தெரியும். டாக்டருக்கு இன்னைக்குத்தான் தெரியும். எனக்கு எப்பத் தெரியும்னு நினைக்கறீங்க?"

அவன் பச்சைச் சீட்டின் ஓரத்தை நகத்தால் தடவினான்.

"கை வளருது வளருதுங்கறாங்க, சட்டை மட்டும் அந்த எலும்புகிட்டயே நிக்குது. ரெண்டு வாரத்துக்கு மேலாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கேட்டிருக்கலாமே அத்தை."

"கேட்டா நீங்க நிறுத்திடுவீங்க." அவர் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார். "நானும் அந்தச் சட்டையைப் பாக்கத்தானே தினம் ரெண்டு வேளை வரேன்."

அவன் அந்த அறுகோணச் சாவியைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். அத்தை அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"சட்டையைக் கழட்டுங்க."

நாடாவை அவிழ்த்துக் கழற்றிக் கொடுத்தான். அவர் மடியில் போட்டு, இடது பட்டியைத் திருப்பி, தலைமுடியிலிருந்து ஊக்கு ஒன்றை உருவித் தையலுக்குள் விட்டார்.

"வெட்டாதீங்க அத்தை!"

"வெட்டறதுக்கு என்ன இருக்கு? பிரிக்கத்தானே போறேன்."

ஒவ்வொரு தையலாக ஊக்கு தூக்கியது. பட்டி கழன்று வந்தது. அத்தை உள்ளே இரண்டு விரலை விட்டு இழுத்தார். துணி வந்தது. வந்துகொண்டே இருந்தது. மடித்து உள்ளே தள்ளி வைத்திருந்த துணி. சட்டை வெளுத்துப்போய்ச் சாம்பல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. இது மட்டும் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த நீலம். இந்தச் சட்டை நீலம் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"நான் வெட்டித் தைடின்னுதான் சொன்னேன்," என்றார் அத்தை. "கேட்டாளா? வெட்டிட்டா, கைக்கு முறை வரும்போது எல்லாச் சட்டையும் வீணாப் போயிடும்மான்னா. பதினொண்ணும் இப்படித்தான். உங்களுக்குத் தெரியாதா?"

"உள்ள கேன்வாஸ் வச்சிருக்கான்னு நினைச்சேன்."

"கேன்வாஸா!" அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அளக்கற ஆபீஸ்ல வேற வேலை பாக்கறீங்க."

அவன் எழுந்து போய் இரும்பு அளவுகோலை எடுத்துவந்தான். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. நீலத்தின் தொடக்கத்தில் வைத்து முனை வரை பார்த்தான். இரண்டு தடவை பார்த்தான்.

"எழுபத்தாறு."

"எவ்வளவு வளரணும்?"

"எழுபத்தஞ்சு."

"துவைச்சாச் சுருங்கும்ல," என்றார் அத்தை.

அளவுகோல் மங்கலாகத் தெரிந்தது. எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இந்தப் பதினோரு மாதத்தில் இது நடக்கவில்லை. அத்தை எழுந்து போய்ச் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தேவையில்லாமல் ஒரு தம்ளரை வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்து மணி பார்த்தார். ஏழு இருபது.

"திருகட்டுமா?"

"காலையில அங்க போய்ட்டுத் திருகலாம் அத்தை."

மறுநாள் அவன் அதே சட்டையைப் போட்டுக்கொண்டான். பட்டியை அத்தை நீலத்தின் முனையில் தைத்திருந்தார். இடது கை விரல்களின் அடிவரை துணி மூடிக்கொண்டு தொங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் மாமா பத்து முப்பதுக்கே நின்றிருந்தார். கழுத்தில் சாவி இல்லை. நோட்டு மட்டும் இருந்தது.

"மாமா, திருகைத் திருப்பிப் போட்டது நான்தான்."

மாமா அவனைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார்.

"அப்ப என் நேரமெல்லாம் சரியா?"

"எல்லாம் சரி மாமா."

"ஒரு நிமிஷம்கூடத் தப்பில்லையே?"

"இல்ல."

"அது போதும்," என்றார் மாமா. பையிலிருந்து சாவியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பிறகுதான் கோபப்பட வேண்டும் என்று நினைவு வந்தது. "அறிவிருக்காடா உனக்கு? என்ன சட்டை இது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு எடுத்த மாதிரி?"

"வளர்ற கைதானே மாமா."

பதிவு மேசை அம்மாள் கோப்பைத் திறந்து வைத்திருந்தார். "முப்பது நாள் முடிஞ்சுது தம்பி. இன்னும் ஒரு முப்பது நீட்டித்துத் தரலாம். காரணம்கூட வேண்டாம், டிக் மட்டும் போடுங்க." குரலைத் தாழ்த்தினார். "யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் நல்லதற்குத்தான் சொல்கிறார் என்று தெரிந்தது. அவன் வலது கையால் பேனாவை வாங்கினான். படிவத்தை இடது கையால் பிடிக்க வேண்டியிருந்தது. துணி வழுக்கியது. அத்தை சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டார். நிரந்தரம் என்ற கட்டத்தில் டிக் போட்டான். கட்டத்தை விட்டு வெளியே போகாத டிக்.

"திருகும் நபர் யாருன்னு எழுதட்டும்?"

"அத்தை. மனைவியோட அம்மா. மாற்று ஆள், அக்கா வீட்டுக்காரர்."

"பயிற்சி?"

"முப்பது நாள் திருகியிருக்கேன்," என்றார் அத்தை.

"வீட்டுல திருகினது செல்லாதும்மா. மரக்கைதான் கணக்கு." அம்மாள் மேசைக்குக் கீழேயிருந்து ஒரு மரக்கையை எடுத்து வைத்தார். வர்ணம் உதிர்ந்த பழைய கை. திருகு இருந்த இடத்தில் பலர் விரல் பட்டு மரம் மினுங்கியது. அத்தை அந்த மினுங்கலின் மேல் கட்டைவிரலை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு அம்புக்குறி பக்கம் நாலு கால் சுற்று போட்டார். அம்மாள் எட்டிப் பார்த்து எழுதினார்.

"நன்று."

"என் பொண்ணுக்கு மிக நன்று போட்டீங்களே."

"அவங்க க்ளிக்கை எண்ணிக்கிட்டே திருகினாங்கம்மா. நீங்க எண்ணல."

மாமா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

அம்மாள் பேனாத் தட்டில் தேடினார். இழுப்பறையில் தேடினார். சிவப்புப் பேனா ஒன்றை எடுத்து ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார். எழுதவில்லை. உதறினார். ஊதினார். காகிதத்தில் வெறும் பள்ளம்தான் விழுந்தது.

"சிவப்பு தீர்ந்துபோச்சு. கறுப்புல அடிச்சாச் செல்லாது. புதுசு கேட்டு எழுதியிருக்கு, எப்ப வருமோ தெரியாது. அது வரைக்கும் பழைய பேரும் இருக்கும், புதுப் பேரும் இருக்கும். பரவாயில்லையா?"

"அவசரமில்லம்மா," என்றான்.

நடைவழி பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். மாமா கைக்கடிகாரத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். அவன் அலுவலகத்து அறுகோணச் சாவியை எடுத்து மாமாவிடம் கொடுத்தான். மூன்று மணிக்கு வரும்போது இழுப்பறையில் வைத்துப் பூட்டி, பூட்டின் சாவியையும் அவரே வைத்துக்கொள்ளச் சொன்னான். மாமா அதையும் நோட்டில் எழுதினார். பச்சை வில்லையை அவன் நகத்தால் உரித்தான். கண்காணிப்பாளர் நன்றாகத்தான் ஒட்டியிருந்தார். பாதிதான் வந்தது.

"பதினொண்ணு பூஜ்யம் பூஜ்யம்," என்றார் மாமா.

அத்தை சாவியைத் திருகில் பொருத்தினார்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"இந்தப் பக்கம்தானே?"

"ஆமா அத்தை."

"எண்ணுங்க," என்றார் அத்தை.

க்ளிக்.

"ஒண்ணு," என்றான்.